சிப்பிகாட் சொல்லும் பாடம்

போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் செல்லும் பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் சிப்பிகாட் வந்துவிடும். சாலையை ஒட்டிப் பரந்த நீர்ப்பரப்பு. நடுநடுவே பட்டுப்போன மரங்கள். அவற்றின் கிளைகளில் கொக்குகள். ஊரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் உறவினர்கள், "அடடா, எவ்வளவு அழகான ஏரி!" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நாமும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுகிறோம். ஆனால் அது ஏரியன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை வரை அங்கே நெல் விளைந்தது. தென்னையும் பாக்கும் நின்றன. குடும்பங்கள் வாழ்ந்தன.

(நம் தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. வாசகர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் போர்ட் பிளேயர் என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.)

அன்றைய பூகம்பத்தையும் ஆழிப்பேரலையையும் நம்மில் யாரும் மறக்கவில்லை. ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றி நினைவுகூர்கிறோம். ஆயினும் அன்று நடந்த இன்னொன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அலை வந்தது, போய்விட்டது. ஆனால் கடல் திரும்பிப் போகவில்லை. பூகம்பத்தில் தெற்கு அந்தமான் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு ஓதத்திலும் கடல்நீர் வயலுக்குள் வரத் தொடங்கிற்று. சிப்பிகாட், சோல்தாரி, குப்தாபாரா போன்ற இடங்களில் தாழ்வான நிலங்கள் பாழாயின.

உலகம் வெப்பமாவதால் கடல் மட்டம் உயர்கிறது என்று நாளிதழ்களில் படிக்கிறோம். 2100ஆம் ஆண்டுக்குள் எவ்வளவு உயரும்? உலக நாடுகளின் விஞ்ஞானிகள் அடங்கிய ஐ.பி.சி.சி. என்னும் குழு 2021ல் வெளியிட்ட அறிக்கையின்படி, புகையை மிக விரைவாகக் குறைத்தால் சுமார் 30 முதல் 55 சென்டிமீட்டர். குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் 60 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது கற்பனை செய்து பார்க்க வேண்டிய கணக்கு. நமக்கோ, நிலம் ஒரு மீட்டர் இறங்கினாலும் கடல் ஒரு மீட்டர் ஏறினாலும் கரையில் நிற்பவனுக்கு ஒன்றுதான். தேர்வுக்கு முன்பே வினாத்தாள் கையில் கிடைத்தது போல, வரப்போவது எப்படி இருக்கும் என்பதைச் சிப்பிகாட் நமக்குக் காட்டிவிட்டது. அதைப் படித்துக்கொள்ளப் போகிறோமா, படம் எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறோமா என்பதுதான் கேள்வி.

கடல் ஏன் ஏறுகிறது?

காரணம் இரண்டு. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்கு முன்பே சற்று மேலேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல வெப்பமான நீர் விரிந்து அதிக இடம் பிடிக்கிறது. மற்றொன்று, மலைகளிலும் துருவப் பகுதிகளிலும் உள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவில் இருந்த வேகம், 2006க்குப் பிறகு ஆண்டுக்கு மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது.

நம் கடலும் விலக்கல்ல. இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 1 டிகிரி செல்சியஸ் கூடியுள்ளது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993க்குப் பிறகு ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்து வந்துள்ளது.

"மூன்று மில்லிமீட்டரா? இரண்டு நாணயங்களின் கனம்கூட இல்லையே!" என்று தோன்றலாம். முப்பது ஆண்டில் அது 10 சென்டிமீட்டர். ஒரு வீட்டுக் கடனை அடைத்து முடிக்கும் காலம். நூறு அடிக்கு ஓரடி மட்டுமே சரிவுள்ள சமதளக் கரையில் 10 சென்டிமீட்டர் ஏற்றம் என்பது கடல் 10 மீட்டர் உள்ளே வருவதற்குச் சமம். அதுவும் சாதாரண நாளில். அமாவாசை, பௌர்ணமி ஓதமும் காற்றும் மழையும் சேர்ந்து வரும் நாளில் எவ்வளவு உள்ளே வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தீவுக்குத் தீவு கணக்கு வேறு

மாலத்தீவு, துவாலு போன்ற நாடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை கடலுக்கு மேல் ஓரிரு மீட்டரே உயர்ந்த பவளத் தீவுகள். துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற வழி செய்யும் ஒப்பந்தம் 2023ல் கையெழுத்தாயிற்று. நம் நிலை அப்படியல்ல. திக்லிப்பூரின் சாடில் பீக் 732 மீட்டர் உயரம். நம் தீவுகள் மூழ்கிப் போகப் போவதில்லை.

ஆனால் மலை இருப்பது வேறு; நாம் இருப்பது வேறு. இத்தீவுகளின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. பெரும்பகுதி காப்புக்காடாகவும் பழங்குடியினருக்கான பகுதியாகவும் உள்ளது. அது அப்படியே இருக்கவும் வேண்டும். ஏனெனில் நம் மழையும் மண்ணும் குடிநீரும் அந்தக் காட்டின் தயவு. ஆக மனிதர் வாழவும் பயிரிடவும் மிஞ்சியிருப்பது கரையோரச் சமவெளியும் ஓடைக்கரைகளும் மலைச்சரிவுகளும்தான். சாலை, ஜெட்டி, மின்நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் குறுகிய இடத்திலேயே. கரையில் ஒரு பட்டை போனால் பின்வாங்கிச் செல்ல நமக்கு இடம் குறைவு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2004ல் தெற்கு அந்தமான் இறங்கியபோது வடக்கு அந்தமானின் கரைகள் மேலே எழும்பின. அங்கே கடலுக்கடியில் இருந்த பவளப் பாறைகள் வெயிலில் காய்ந்து செத்தன. நிக்கோபாரிலோ இறக்கம் இன்னும் அதிகம். பெரிய நிக்கோபாரின் தென்கோடியிலுள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் நின்றது. ஆகவே, திக்லிப்பூருக்கு ஒரு கணக்கு, போர்ட் பிளேயருக்கு ஒரு கணக்கு, கேம்பல் பேக்கு ஒரு கணக்கு. டில்லியிலோ சென்னையிலோ போடும் ஒரே அளவுகோல் எல்லாத் தீவுக்கும் பொருந்தாது. உலகக் கடல் எவ்வளவு ஏறுகிறது என்பதை விஞ்ஞானிகள் சொல்லட்டும். என் தெருவில், என் கிணற்றில், என் வயலில் என்ன ஆகிறது என்பதை அங்கே வாழ்பவர்தான் கவனிக்க முடியும்.

நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் 3,80,581 மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காட்டினர். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் குடியமர்த்தப்பட்டனர். முன்னாள் படைவீரர் குடியேற்றத்தில் கேம்பல் பே சென்றவர்கள் உண்டு. ஆழிப்பேரலையில் நிக்கோபார் தீவுகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கச்சாலில் உயிர்ச்சேதம் மிக அதிகம்.

மற்றபடி நம்மில் பெரும்பாலோர் கூலி வேலைக்கும் கடை வைக்கவும் அரசு வேலைக்கும் வந்தவர்கள். நிலம் ஒதுக்கிக் கொடுத்துக் குடியேற்றப்பட்ட குடும்பங்கள் போல நம்மவர் பலருக்கு நிலமில்லை. பின்னால் வந்தவனுக்குப் பின்னால் கிடைத்த இடம். அதாவது ஓடைக்கரை, உப்பங்கழி ஓரம், மழைக்குச் சரியும் மேட்டுச் சரிவு. பட்டா இல்லாமல் குடிசை போட்டு, பிறகு தகரக் கூரையாக்கி, பிறகு சிமெண்ட் பூசிய வீடுகள் எத்தனையோ. ஆபத்து என்று வரும்போது முதலில் நனைவது இவ்வீடுகள்தான். நிவாரணம் என்று வரும்போது முதலில் கேட்கப்படுவது காகிதம். ஆகையால் இந்த விஷயம் விஞ்ஞானிகளுக்கானது என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது.

மூவாயிரம் மில்லிமீட்டர் மழை. ஆனாலும் குடத்தோடு வரிசை

கடல் ஏறுவதற்கு முன்பே நம் வாசலுக்கு வந்துவிட்ட தொல்லை குடிநீர். சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமும் சேர்ந்து சுமார் 3,000 மில்லிமீட்டர். இருந்தும் மார்ச், ஏப்ரல் வந்தால் போர்ட் பிளேயரில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று நாளுக்கு ஒருமுறை என்று தண்ணீர் விடும் நிலையைப் பலமுறை பார்த்துவிட்டோம். நகரின் முக்கிய ஆதாரமான தனிக்காரி அணை, மழை சற்றுப் பிந்தினாலே கையை விரித்துவிடுகிறது.

காரணம், தீவின் அமைப்பு. மலை செங்குத்து; கடல் பக்கத்திலேயே. பெய்த மழை சில மணி நேரத்தில் ஓடிக் கடலில் கலந்துவிடும். தேக்கிவைக்கப் பெரிய ஆறும் ஏரியும் இல்லை. கிணற்றிலோ மழைநீர் மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. அதிகம் இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். கடல் மட்டம் உயர உயர இந்தத் தொல்லை கரையோரக் கிணறுகளில் கூடும். வருங்காலத்தில் மழையின் மொத்த அளவு குறையாவிட்டாலும், கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுவதும் காய்ந்தால் நீண்ட நாள் காய்வதுமாக இருக்கும் என்பதே விஞ்ஞானிகளின் கணிப்பு.

இதற்கு வழி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1,50,000 லிட்டர். வழிந்தும் ஆவியாகியும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 1,20,000 லிட்டர் மிச்சம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாளுக்கு 2,400 லிட்டர் போதும். அதாவது டிசம்பர் மழையில் நிரப்பி மூடிவைத்த ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி மூன்று இருந்தால், கோடை முழுதும் குடிநீருக்குக் குடத்தோடு நிற்க வேண்டாம். குளிக்க, துவைக்கத் தனி ஏற்பாடு தேவைதான். ஆனால் குடிநீர்க் கவலை தீரும்.

தமிழ்நாட்டில் 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். முதலில் முணுமுணுத்தவர்கள்கூடப் பிறகு கிணற்றில் நீர் ஏறியதைக் கண்டு வாயடைத்தனர். பராமரிக்க மறந்த ஊர்களில் குழாய் மட்டும் நின்றது, நீர் நிற்கவில்லை. 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. நமக்கு ரயில் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் தலைமேல் உருவாகும் புயல்

தனுஷ்கோடியை அழித்த 1964ஆம் ஆண்டுப் புயலைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். அது எங்கே தொடங்கியது தெரியுமா? 1964 டிசம்பர் 17ல் தெற்கு அந்தமான் கடலில் ஒரு தாழ்வழுத்தமாக உருவாயிற்று. ஐந்தே நாளில், 22ஆம் தேதி நள்ளிரவில், தனுஷ்கோடி இல்லாமற் போயிற்று. 2016 டிசம்பரில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைச் சிறைப்படுத்தி, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்க வேண்டிய நிலையை உண்டாக்கிய அதே காற்றழுத்தம்தான் வர்தா புயலாகி 12ஆம் தேதி சென்னை மரங்களைச் சாய்த்தது. இங்கே கருக்கொள்வது அங்கே போய்ப் பிறக்கிறது. நம் வீட்டுக்கும் ஊர் வீட்டுக்கும் ஒரே வானம்.

2013 நவம்பரில் லெஹர் புயல் போர்ட் பிளேயர் மேலேயே கடந்து சென்றதையும் மறந்திருக்க மாட்டோம். புயல்களின் எண்ணிக்கை பெருகியதாகச் சொல்ல முடியாது. ஆனால் மழைக்காலத்துக்குப் பின் வரும் மிகக் கடும் புயல்கள் 2000க்குப் பிறகு நம் கடற்பகுதியில் கூடியுள்ளன என்கிறது முன்சொன்ன 2020 மதிப்பீடு. கடல்நீரின் வெப்பமே புயலுக்குத் தீனி.

புயல் நம்மைத் தொடாமலே போனாலும் நம் அடுப்பைத் தொட்டுவிடும். அரிசி, பருப்பு, வெங்காயம், மண்ணெண்ணெய், மருந்து யாவும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வருபவை. கப்பல் ஒரு வாரம் நின்றால் தக்காளி விலை என்ன ஆகும் என்பதை இல்லத்தரசிகளிடம் கேளுங்கள். எனவே இங்கேயே விளையும் காய்கறி என்பது வெறும் பொழுதுபோக்கல்ல. அது நம் பாதுகாப்பு.

உப்பு வயலில் வெண்டைக்காய்

இங்கே சிப்பிகாட் பாடத்தின் இரண்டாம் பகுதி வருகிறது. நிலம் பாழாயிற்று என்று எல்லோரும் கைகட்டி இருந்துவிடவில்லை. காராச்சர்மாவில் 1978 முதல் இயங்கிவரும் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் (இப்போது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம்) ஆழிப்பேரலைக்குப் பின் நிலங்களை நேரில் பார்த்து மூன்று வகையாகப் பிரித்தது. முதலாவது, கடல்நீர் நிரந்தரமாகத் தேங்கிவிட்ட நிலம். இரண்டாவது, ஓதத்தில் நீர் வந்து வற்றத்தில் வடியும் நிலம். மூன்றாவது, அலை வந்த அன்று மட்டும் நனைந்த நிலம்.

இந்தப் பிரிவினையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூன்றாம் வகை நிலத்தில் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தாலே போதும். நம் பெருமழை ஓரிரு பருவத்தில் உப்பைப் பெருமளவு கழுவிவிடும். முதல் வகையில் நெல்லை மறந்துவிட்டு மீன், இறால் வளர்ப்பைப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட நிலத்துக்குத்தான் புது யோசனை தேவைப்பட்டது. கரை கட்டிக் கடல்நீரை மறித்து, வயலில் அகலமான பள்ளங்கள் தோண்டி, அந்த மண்ணைப் பக்கத்திலேயே நான்கைந்து மீட்டர் அகல மேட்டுப் பாத்திகளாகக் குவித்தார்கள். மேட்டில் விழும் மழை உப்பைக் கீழே கழுவிச் செல்கிறது; அங்கே வெண்டை, கத்தரி, கீரை. பள்ளத்தில் நெல்லும் மீனும். கோடையில் பள்ளத்து நீரே மேட்டுக்குப் பாசனம். முன்பு ஒருபோகம் நெல் மட்டும் கண்ட நிலத்தில் ஆண்டு முழுதும் ஏதாவது ஒன்று கிடைக்கிறது. உப்பைத் தாங்கும் நெல் ரகங்களையும் அந்நிலையம் வெளியிட்டுள்ளது.

எல்லா நிலத்தையும் மீட்க முடியவில்லை என்பதும் உண்மையே. சிப்பிகாட் நீர்ப்பரப்பு இன்றும் நீர்ப்பரப்பாகத்தான் இருக்கிறது. எதைக் காப்பாற்றலாம், எதை விட்டுக்கொடுக்க வேண்டும், எதை மாற்றிப் பயன்படுத்தலாம் என்று முதலில் பிரித்துப் பார்த்தார்களே, அதுதான் நாம் கற்க வேண்டியது. நிலத்துக்குச் செய்ததை வீட்டுக்கும் தெருவுக்கும் ஊருக்கும் செய்துகொள்ளலாம்.

இலவசக் காவலர்கள்

கரையைக் காக்கச் சுவர் கட்டக் கோரும் முன்பு, ஏற்கெனவே இருக்கும் காவலர்களை இழக்காமல் இருப்போம். பவளத் திட்டு அலையின் வேகத்தைக் கடலிலேயே உடைக்கிறது. அதற்குப் பகை வெப்பம். வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் பவளம் வெளுத்துவிடுகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் கடலில் அவ்வாறு நடந்தது. வெளுத்த பவளம் மீண்டும் உயிர்பெற ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் மறுபடி வெப்பம் வந்தால் மீள்வதற்கு வழியில்லை. வெப்பத்தை நாம் தடுக்க முடியாவிட்டாலும், சாக்கடையையும் குப்பையையும் கடலில் விடாமல் இருந்தால் அது தேறுவதற்கு உதவியாக இருக்கும்.

இரண்டாவது காவலர், உப்பங்கழிகளில் வேரூன்றி நிற்கும் கண்டல் காடு. நம் தீவுகளில் இது 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. 2004ல் பிச்சாவரம் பகுதியில் இத்தகைய காட்டுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்கள் மற்றவற்றைவிடக் குறைவான சேதத்தோடு தப்பியதைத் தாயக உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது காவலர் மணல். கடற்கரை மணலை அள்ளி வீடு கட்டுவது, வாசற்கதவைக் கழற்றி விறகாக்குவது போன்றது. 2002ல் உச்ச நீதிமன்றம் ஷேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று, இங்கே கடற்கரை மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க உத்தரவிட்டதன் காரணம் இதுவே.

நாம் என்ன செய்யலாம்?

மத்திய அரசு 2008ல் தேசிய அளவிலும், பின்னர் நம் ஆட்சிப்பகுதியும் செயல்திட்டங்கள் வகுத்துள்ளன. அவை அலமாரியில் இருக்க, நாம் வீட்டளவிலும் தெருவளவிலும் செய்யக்கூடியவை சில:

1. வீடு கட்டும் முன், மனை வாங்கும் முன், அந்த இடம் 2004ல் நனைந்ததா என்று பக்கத்திலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய அமாவாசை, பௌர்ணமி ஓதங்கள் பெரியவை. அந்நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். விலை மலிவாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

2. கட்டுவதாக இருந்தால் தரையை உயர்த்திக் கட்டுங்கள். நிக்கோபாரியர் தங்கள் வீடுகளைத் தூண்மேல் எழுப்பியது அலங்காரத்துக்காக அன்று. மேட்டுச் சரிவில் கட்டுவோர் மரங்களை வெட்டாமலும் மழைநீர் வடியக் கால்வாய் விட்டும் கட்டுங்கள்.

3. கூரைநீரைப் பிடியுங்கள். கிணறு இருந்தால் ஏப்ரல் மாதத்தில் நீர் எத்தனை உறை கீழே இருக்கிறது, சுவை எப்படி என்று ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். பத்தாண்டுக் குறிப்பு ஒரு விஞ்ஞானிக்கும் பயன்படும். பஞ்சாயத்தில் வாதாடவும் பயன்படும்.

4. ரேஷன் அட்டை, தீவுவாசி அட்டை, வீட்டு வரி ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ் யாவற்றையும் நீர் புகாத உறையில் ஒரே இடத்தில் வையுங்கள். படியெடுத்து ஊரிலுள்ள உறவினரிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.

5. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு, மருந்து, மெழுகுவர்த்தி கைவசம் இருக்கட்டும். கொல்லையில் நான்கு முருங்கை, வாழை, கீரைப் பாத்தி இருக்கட்டும்.

6. கிராம சபையில் நம்மவர் பேசுவதில்லை என்பது பொதுக் குறை. கால்வாய், மதகு, ஜெட்டி உயரம், மேட்டுக்குச் செல்லும் பாதை ஆகியவை அங்கேதான் முடிவாகின்றன. இந்தி சரளமாக வராவிட்டால் பள்ளி செல்லும் பிள்ளையை அழைத்துப் போங்கள்.

7. எச்சரிக்கை வந்தால் எந்த மேட்டுக்குப் போவது, முதியவர்களை யார் தூக்கிச் செல்வது என்பதைக் குடும்பத்தோடு இப்போதே பேசிவையுங்கள். ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால் பூகம்பம் நம் காலடியிலேயே நிகழ்ந்தால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் 2004ல் எந்த மையத்தின் செய்திக்கும் காத்திராமல் மேட்டுக்குச் சென்று பிழைத்தார்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். விழா, பட்டிமன்றம், பொங்கல் விளையாட்டு எல்லாம் நடக்கட்டும். அவற்றோடு ஒரு பெரிய நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். எந்தக் குடியிருப்பில் எவ்வளவு நீர் வந்தது, எந்தக் கிணறு உப்பாயிற்று, எந்தச் சரிவு மழையில் சரிந்தது என்று அங்கங்கே இருக்கும் உறுப்பினர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைப்போம். ஹட் பேயிலும் ரங்கட்டிலும் மாயாபந்தரிலும் நம்மவர் இருக்கிறார்கள்; ஒவ்வொருவரும் தம் ஊரைச் சொன்னால் போதும். காகிதமில்லாத குடும்பத்துக்கு நாளை அந்தப் பதிவே ஒரு காகிதமாக உதவக்கூடும்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அடுத்த பௌர்ணமியன்று ஓதம் ஏறும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கழிமுகத்துக்குச் செல்லுங்கள். பாலத்தின் தூணிலோ ஜெட்டிச் சுவரிலோ நீர் தொட்ட இடத்தைப் பார்த்து, மேலிருந்து எத்தனை சாண் என்று பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். தேதியோடு எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டும் அதே பௌர்ணமியில் அளக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு நம் வயது ஆகும்போது அந்தக் கணக்கு எங்கே நிற்கும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஊரிலிருந்து விருந்தாளி வந்து "எவ்வளவு அழகான ஏரி!" என்று சொன்னால், அது என்ன என்று எடுத்துச் சொல்ல அதற்குத் தெரிந்திருக்கும்.